அக்காவின் தலை எங்கே

பக்கம் அச்சுக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உடல்நல இணைப்பிதழைப் பார்த்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் ‘குண்டர்களே, உஷார்!’ என்று தலைப்பு வைத்துவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தார். கீழே, கடைவீதியில் பின்னாலிருந்து எடுத்த ஒரு பெண்ணின் படம். கழுத்துக்கு மேல் இல்லை. அடையாளம் தெரியக்கூடாதே என்று புகைப்படக்காரர் நறுக்கிக் கொடுத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவருடைய அக்கா வந்து நின்றாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். சாலையில் பத்து வண்டிக்கு அப்பால் நடப்பதும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கணினித் திரை எம்மாத்திரம்?

“இது என் முதுகுடா.”

உதவி ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அக்காவேதான்.

“முகம் தெரியலையே அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுதே. தலையை எங்கடா வெச்சே?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தலைப்பைப் படித்தாள்.

“குண்டர்கள்னா அடியாளுங்கதானே? நான் யாரை அடிச்சேன்?”

பக்கத்து மேசையில் புகைப்படக்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

“இது சும்மா படிக்கிறவங்களை இழுக்கறதுக்கு...”

“உனக்கு ஆஸ்துமா இருக்கு. உன்னைப் பத்தி எழுதினா ‘இழுப்புக்காரன்’னு போடுவியா?”

“ஆஸ்துமா உள்ளவர்னு போடுவேன்.”

“அப்போ எனக்கும் அதையே போடு. பருமன் என்கிட்ட இருக்கு. நானே பருமன் இல்ல.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக உறைத்தது. சின்ன வயதில் அவளைத் தெருவில் கேலி செய்தவர்களோடு மல்லுக்கு நின்று சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தவர் அவர். இப்போது அதே கேலியை ஊருக்கே அச்சடித்து அனுப்பப் பார்த்தார்.

விறுவிறுவென்று திருத்தினார். ‘உடல் பருமன் உள்ளவர்களும் இதயமும்’ என்று தலைப்பு மாறியது. ‘சோம்பலை விட்டொழியுங்கள்’ என்ற வரி போனது. கட்டுரை எழுதிய டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டதில், பரம்பரை, மருந்து, தூக்கமின்மை என்று பல காரணங்கள் சேர்ந்தன.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “தலைப்பு சப்புனு இருக்கேய்யா.”

“யாரையும் குத்தாம இருக்கு சார்.”

ஆசிரியர் ஒருமுறை அக்காவைப் பார்த்தார், ஒருமுறை திரையைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போனார்.

படம்தான் பாக்கி. அக்கா தானே முன்வந்தாள். வாசலில் நின்ற பயிற்சிக் காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்து, பல் தெரியச் சிரித்தாள். கண் மூடிவிட்டது என்று புகைப்படக்காரரை மூன்று முறை எடுக்கவைத்தாள்.

மறுநாள் காலை முதல் போன் அவளுடையதுதான்.

“படம் நல்லா இருக்குடா. எழுதினதும் மரியாதையா இருக்கு.”

அவருக்கு உச்சி குளிர்ந்தது.

“ஆனா படத்துக்குக் கீழே என் வயசைப் போடச் சொல்லி உன்கிட்ட யாரு அழுதா?”