காசிநாதன் சாரின் மாவிளக்கு

காசிநாதனுக்கும் செல்லதுரைக்கும் ஒரே நாளில்தான் வேலை கிடைத்தது. 1995 ஜூன் மாதம், பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். வருகைப் பதிவேட்டில் ஆறு வருஷம் அடுத்தடுத்த வரியில் கையெழுத்துப் போட்டார்கள். செல்லதுரைக்கு நல்ல குரல். எங்கே மைக் கட்டினாலும் அங்கே இருப்பார். கிளம்பும்போது, "சார், என் பத்தாங்கிளாஸ கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். காசிநாதனும் தன் கணக்குப் பாடத்தோடு அவருடைய அறிவியலையும் சேர்த்து நடத்தி முடிப்பார்.

2001 தேர்தலில் செல்லதுரை வேலையை ராஜினாமா செய்துவிட்டு நின்றார், எம்.எல்.ஏ. ஆனார். அதைக்கூடக் காசிநாதன் பொறுத்துக்கொண்டிருப்பார். பழைய பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய போஸ்டரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. 'அறிவியலில் நூறு சதவீதத் தேர்ச்சி தந்த ஆசானே!'

அந்த நூறு சதவீதம் யாருடைய தொண்டைத் தண்ணீர்?

தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வரி அவரைப் பார்த்தது. மழையில் போஸ்டர் நைந்து, முகம் போய், கும்பிட்ட கை போய், அந்த வரி மட்டும் சுவரை விடாமல் கிடந்தது. எம்.எல்.ஏ. கார் வந்தால் காசிநாதன் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார். ரெட்டிபாளையத்தில் பாலம் திறந்தார், தா.பழூரில் நூலகம் திறந்தார் என்று பேப்பரில் படம் வந்தால், மறுநாள் அந்தப் பக்கத்தில்தான் தன் புளிச்சோற்றைக் கட்டித் தரச் சொல்வார்.

2006இல் செல்லதுரை மறுபடி நின்றார். காசிநாதன் சிறுவாச்சூர் காளியம்மன் முன்னால் போய் நின்றார். வாய்விட்டுச் சொல்லக் கூசியது. 'தாயே, அந்த ஆளு தோக்கணும். உனக்கு மாவிளக்குப் போடறேன்' என்று மனசுக்குள் சொன்னார். இதுவரை அவளிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார். இன்னொருவர் கெட வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

செல்லதுரை தோற்றார்.

"எதுக்குங்க மாவிளக்கு?" என்று கேட்டாள் மனைவி பூங்காவனம்.

"ஒரு வேண்டுதல்."

"சரி, சொல்லாதீங்க. சொன்னா பலிக்காதும்பாங்க."

"பலிச்சிருச்சு" என்றார் காசிநாதன். அதைச் சொன்னபோது எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். அங்கேயே அரிசியை ஊறவைத்து, அங்கிருக்கும் உரலிலேயே இடித்து மாவிளக்குப் போடுவது வழக்கம். பூங்காவனத்துக்கு முட்டிவலி. நாலு குத்துக் குத்திவிட்டு மூச்சு வாங்க நின்றாள்.

"குடும்மா தங்கச்சி. நான் இடிக்கிறேன்."

செல்லதுரை. காரும் இல்லை, கூட்டமும் இல்லை. உலக்கையை வாங்கிக்கொண்டு துண்டை இடுப்பில் கட்டினார்.

"ஐயோ, நீங்க போய் இடிக்கிறதாண்ணே!"

"இப்ப எனக்கு வேற என்ன வேல?" என்று சிரித்தபடி உலக்கையைப் போட்டார். "காசிநாதன் சார், ஒண்ணு சொல்லணும். அந்தப் போஸ்டர் நம்ம பயலுவ அடிச்சது. நூறு சதவீதம் உங்களுது. மேடையில சொல்லணும் சொல்லணும்னு நெனப்பேன், மைக்கப் புடிச்சா மறந்துரும். நீங்க ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டல. பெரிய மனசு சார் உங்களுக்கு."

ஒவ்வொரு குத்தும் காசிநாதனின் நெஞ்சிலேயே விழுந்தது.

"சார், உலக்கைய வைங்க."

"இன்னும் நைசாவலையே?"

"வைங்க சார். இந்த மாவிளக்கு... நீங்க தோக்கணும்னு நான் வேண்டிக்கிட்டது."

வெல்லம் தட்டிக்கொண்டிருந்த பூங்காவனத்தின் கை நின்றது. தூக்கிய உலக்கை தூக்கியபடியே இருந்தது.

"எவ்வளவு அரிசி?" என்று கேட்டார் செல்லதுரை.

"ஒரு படி."

"ஒரு படி அரிசிக்கா தோத்தேன்! கட்சிக்காரனுவ என்னென்னவோ காரணம் சொல்றானுவ." சிரிக்கப் பார்த்தார், முழுசாக வரவில்லை. "வலிக்குது சார். இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆறு வருசம் என் கிளாஸ எடுத்திருக்கீங்க. உங்களுக்கு ஒரு படி மாவு இடிக்கக் கூடாதா?"

உலக்கை மறுபடி இறங்கியது. காசிநாதன் உரலருகே குந்தி, வெளியே சிதறிய மாவைக் கையால் ஒதுக்கி உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது தெரியாமலிருக்கத் தலையை நிமிர்த்தவே இல்லை.

மாவை விளக்காகப் பிடித்து, நெய் ஊற்றி, திரி ஏற்றியதும் பூசாரி, "யார் பேருக்கு?" என்றார்.

பூங்காவனம் கணவனைப் பார்த்தாள்.

"செல்லதுரை" என்றார் காசிநாதன்.

"நட்சத்திரம்?"

பதினோரு வருஷப் பழக்கம். அது தெரியவில்லை. காசிநாதன் கூட்டத்தில் திரும்பினார்.

"சார், உங்க நட்சத்திரம் என்ன?"

செல்லதுரை மாவு ஒட்டிய கையை வேட்டியில் துடைத்தபடி முன்னால் வந்தார்.

"பூசம், சார்."