தைலத்துக்கு முன், தைலத்துக்குப் பின்

அல்லா பிச்சையின் தலை ஒரு கல்யாண வீடியோவையே கெடுத்துவிட்டது. இதை அவர் சொல்லவில்லை. படம் பிடித்த ஞானதுரை சொன்னது.

அல்லா பிச்சையின் மச்சினனுக்கு நடந்த நிக்காஹ்வுக்கு ராஜபாளையத்திலிருந்து கேமராவோடு வந்த ஞானதுரை, ஹாலஜன் விளக்கைப் போட்ட இடத்திலெல்லாம் அல்லா பிச்சை போய் நின்றார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. விளக்கு அந்தத் தலையில் பட்டுத் தெறித்ததில் மாப்பிள்ளையின் முகமே வெளுத்துப்போனது. ஞானதுரை என்ன செய்வார்? அல்லா பிச்சை வரும் இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு, அங்கே ஒரு ரோஜாப்பூ மெல்ல விரிவதுபோல் ஒட்டிக் கொடுத்தார். மூன்று மணி நேரக் கேசட்டில் பதினேழு ரோஜா. எண்ணிச் சொன்னது அல்லா பிச்சையின் மனைவி நசீமா.

"பிரியாணி பரிமாறுனது நீங்கதான? அங்கயும் ரோசாதான் பரிமாறுது" என்று அவள் சிரித்த சிரிப்பை அவர் ஒரு வருஷமாக மறக்கவில்லை.

அதனால், தொண்ணூற்று நான்காம் வருஷம் சித்திரை மாதம், ராஜபாளையம் பஸ் நிலையத்தில் அதே ஞானதுரை வந்து, "பாய், உங்க தலை எனக்கு வேணும்" என்றபோது, அல்லா பிச்சைக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அவர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பதினோரு வருஷமாக அதே தடம், அதே டிரைவர் வேலுசாமி. ஞானதுரையோ கல்யாண வீடியோவோடு நிற்காமல், கேபிள் டி.வி.யில் படத்துக்கு நடுவே ஓடும் உள்ளூர் விளம்பரங்களையும் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் சுயம்புலிங்கம் என்பவர் மூலிகைத் தைலம் ஒன்று காய்ச்சி, மேற்குமலைத் தைலம் என்று பெயர் வைத்திருந்தார். அதற்கு ஒரு விளம்பரம் வேண்டும்.

"மொதல்ல மொட்டைத்தலை. பொறவு அதே ஆளுக்குக் கருகருன்னு முடி" என்று விளக்கினார் ஞானதுரை. "முன், பின். சனங்க அசந்துபோவாங்க."

"முடிக்கு எங்க போவீக?"

"உங்க தம்பி எதுக்கு இருக்காரு?"

தம்பி பீர் மைதீன் இரண்டு வயது இளையவர். சம்மந்தபுரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே முகம், ஒரே மூக்கு, ஒரே மீசை. தலைமட்டும்தான் வேறு. குடும்பத்துக்கென்று ஆண்டவன் அளந்து கொடுத்த முடி முழுவதையும் தம்பியே எடுத்துக்கொண்டான் என்பது அல்லா பிச்சையின் நெடுநாள் குறை. ஆனால் டி.வி.யில் வருவது என்றால் சும்மாவா? அதுவும் பதினேழு ரோஜாவுக்குப் பிறகு? சரி என்றுவிட்டார்.

ஞானதுரையின் ஸ்டூடியோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படப்பிடிப்பு நடந்தது. கேமராவை மூன்றுகால் ஸ்டாண்டில் வைத்து, தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, முதலில் அண்ணனை அதில் நிறுத்தினார். அண்ணன் நகர்ந்ததும் அதே பாதத்தில், அதே சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி. வீடியோ மிக்ஸரில் போட்டு, 'டிசால்வ்' முறையில் முதல் படத்தைக் கரைத்து இரண்டாவதைக் கொண்டுவந்தால், ஒரே ஆளுக்குக் கண்ணெதிரே முடி முளைக்கும். அல்லா பிச்சையின் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. தம்பிக்கு இல்லை. நசீமாவிடம் வாங்கி வந்த கண்மையால் அதையும் வைத்தார்கள்.

தைலத்தை ஊற்றும் காட்சியில்தான் தொல்லை. சுயம்புலிங்கத்தின் தைலம் கேமராவில் வெறும் தண்ணீர் மாதிரித் தெரிந்தது. ஞானதுரை சற்றும் யோசிக்காமல் சர்க்கரைப் பாகு காய்ச்சி, பச்சைச் சாயம் கலந்து, அதை அல்லா பிச்சையின் உச்சியில் ஊற்றினார். என்ன அழகு! பாகு கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு நிதானமாக வழிந்தது. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று ஐந்து முறை ஊற்றினார். ஆறாவது முறைக்குள் எறும்பு வந்துவிட்டது.

"ஏ ஞானதுரை, காதுக்குள்ள போகுதுய்யா!"

"முகத்த மட்டும் சிரிச்சாப்பல வச்சுக்கோங்க பாய். நல்லா வருது."

தம்பிக்கு அந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. தலையில் கிளிசரின் தடவி, மேசை விசிறியைச் சுழலவிட்டு, முடி அலைபாய நிற்கவைத்தார்கள். தெர்மோகோல் அட்டையில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் பீர் மைதீன் கதாநாயகன்போலவே இருந்தார். அல்லா பிச்சை ஈரத்துண்டால் காதைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

விளம்பரம் வெள்ளிக்கிழமை ஓடியது. தெருவே அல்லா பிச்சை வீட்டில் கூடிவிட்டது. மொட்டைத்தலை கரைந்து முடி முளைத்தபோது எல்லாரும் 'ஓ'வென்று கத்தினார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு தன் முகத்துக்குமேல் முடியைப் பார்த்த அல்லா பிச்சைக்கு, அது தம்பியுடையது என்று தெரிந்தும், கை தானாக உச்சந்தலைக்குப் போய்வந்தது.

மறுநாள் காலை முதல் டிரிப்பில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. நடிகர்கள் நடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர் அந்தத் தலையோடு தினமும் பன்னிரண்டு டிரிப் அடிக்கவேண்டும்.

"என்ன பாய், நேத்து ராத்திரி இருந்துச்சே, காலையில கொட்டிருச்சா?"

"கண்டக்டரே, டிக்கெட்டு முன்னுக்கா, பின்னுக்கா?"

போதாக்குறைக்கு வழியில் மொட்டமலை என்று ஒரு நிறுத்தம். பதினோரு வருஷமாக அவர் கூவி வந்த பெயர்தான். அன்றைக்கு "மொட்டமலை இறங்கு" என்று அவர் சொன்னதும் பஸ்ஸே குலுங்கியது. வேலுசாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் வண்டி ஒரு பக்கமாகப் போய் வந்தது. அடுத்த டிரிப்பில் அவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் வெறுமே விசில் அடித்தார். இறங்கவேண்டிய ஒரு போலீஸ்காரர் இறங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர்வரை வந்து சண்டை பிடித்தார்.

ஞாயிறு காலை, அல்லா பிச்சை தொழுகைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அதன்பிறகு கழற்றவே இல்லை. கேலி பாதியாகக் குறைந்தது. ஆனால் பள்ளிவாசலில் பெரியவர்கள் அவர் தோளைத் தட்டி, "மாஷா அல்லா, வேலையிலயும் தொப்பியோட இருக்கியாம்ல" என்று மெச்சத் தொடங்கினார்கள். அந்தப் பாராட்டை வாங்கவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் அவர் நெளிந்தார்.

நசீமாவிடம் சொன்னபோது அவள், "நல்லதுதான. தைலம் முடிய வளக்கலன்னாலும் ஆண்டவன்மேல ஈமான வளத்துருச்சு" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து முத்துப்பேச்சி பேச்சுக் கொடுத்தாள். தினமும் முதல் டிரிப்பில் கீரைக்கட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போகிறவள். அன்றைக்கு அவள் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாயி, தொப்பிக்குள்ள எம்புட்டு வளந்திருக்கு?"

"என்னது?"

"கண்ணு பட்டுறக்கூடாதுன்னுதான மூடி வச்சிருக்கீக? எனக்குத் தெரியாதாக்கும்? எம்மவ செல்வராணிக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டிப்போச்சு. பள்ளிக்கூடம் தெறந்தாலும் போகமாட்டேங்கா. வீட்டவிட்டே வெளிய வரமாட்டேங்கா. மூணு பாட்டில் வாங்கித் தேச்சுட்டேன். இன்னும் ஒண்ணும் தெரியல. செத்த நேரம் தொப்பியக் கழட்டிக் காட்டுங்க. பாத்துட்டுப் போயி அவகிட்ட சொல்லணும்."

அல்லா பிச்சை தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஏம்மா, டி.வி.யில பாத்ததையெல்லாமா நம்புவ?" என்றார்.

"டி.வி.ய எவன் நம்புனான்? உங்கள நம்புனேன். பதினோரு வருசமா நீங்க ஏறுன்னா ஏறுதேன், இறங்குன்னா இறங்குதேன். ஒருநாளும் தப்பான எடத்துல இறக்கிவிட்டதில்லையே?"

"பொறவு காட்டுதேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் நகர்ந்தார். அன்று முழுவதும் யார் என்ன கேட்டாலும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை முத்துப்பேச்சி தனியாக வரவில்லை. பக்கத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒன்று, தாவணியால் தலையை இறுக மூடிக்கொண்டு, குனிந்தபடி நின்றது. இரண்டு மாதத்தில் அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியே வந்தது இதுதான் முதல் தடவை என்றாள் தாய். வந்ததே அவர் தலையைப் பார்க்கத்தான்.

அல்லா பிச்சை விசிலை வாயிலிருந்து எடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

செல்வராணி நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் வெயிலில் மின்னிய அந்தத் தலையை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, "யம்மா, எனக்கு இதவிட நெறைய இருக்கு" என்றாள்.

வேலுசாமி முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிக்காதவள் முத்துப்பேச்சி ஒருத்திதான்.

"அப்ப டி.வி.யில வந்தது?"

"அது எந்தம்பி தலைம்மா. தைலமே இல்ல, சீனிப்பாகு. காய்ச்சல்ல கொட்டுன முடி தானா வந்துரும்னு பெரியாஸ்பத்திரியில சொல்லுதாவ. பிள்ளைய அங்க கூட்டிட்டுப் போயி ஒருவாட்டி காட்டு."

முத்துப்பேச்சி அவரை ஒன்றும் திட்டவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் "இறங்கு" என்றதும் அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பக்கத்தில் இருந்தவரிடம், "இது வில்லிபுத்தூருதானா?" என்று கேட்டு, அவர் ஆமாம் என்ற பிறகுதான் இறங்கினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அல்லா பிச்சைக்கு.

திரும்பும் டிரிப்பிலிருந்து அவர் ஆரம்பித்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பெயரோடு சேர்த்து ஒரு வரி.

"வன்னியம்பட்டி விலக்கு இறங்கு! தைலம் தேச்சா முடி வளராது, டி.வி.யில வந்தது எந்தம்பி! மொட்டமலை இறங்கு! மொட்டை எந்தலைதான், சந்தேகம் இருந்தா தொட்டுப் பாத்துக்கோ!"

நாலைந்து பேர் தொட்டும் பார்த்தார்கள்.

ஆறாவது நாள் சுயம்புலிங்கமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தார். மூன்று நிறுத்தம்வரை பேசாமல் கேட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் பாய், என் வாயில மண்ணப் போடுதீக? உங்களுக்கு ஒரு பெட்டி பாட்டில் சும்மா குடுத்தேனே. நீங்க தேச்சே பாக்கலையா?"

"தெனமும்தான் தேய்க்கேன்."

"அப்ப ஒண்ணுமே இல்லையா அதுல?"

அல்லா பிச்சை யோசித்தார். பொய்க்கு எதிராக ஆறு நாளாகக் கூவியவர், இப்போதும் பொய் சொல்ல முடியாது. "இந்த எஞ்சின் சூட்டுல பன்னெண்டு டிரிப் போனா ராத்திரி மண்டையிடி வரும். தைலம் தேச்சதிலிருந்து அது இல்ல. நல்லாத் தூங்குதேன்" என்றார்.

"அதச் சொல்லக்கூடாதா?"

"அத விளம்பரமா எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்லா?"

இருவரும் ராஜபாளையத்தில் இறங்கி நேரே ஞானதுரையிடம் போனார்கள். விஷயத்தைக் கேட்ட ஞானதுரைக்குக் கோபமே வரவில்லை. கையைப் பிசைந்துகொண்டு ஸ்டூடியோவுக்குள் இரண்டு நடை நடந்தார். "டிசால்வ் வேண்டாம். பாகு வேண்டாம். பஸ்ஸுலயே எடுத்துருவோம்" என்றார்.

நின்றுகொண்டிருந்த பஸ்ஸில், பகல் வெளிச்சத்தில், அரை மணி நேரத்தில் முடிந்தது. படிக்கட்டில் அண்ணனும், அந்தப் பெட்டியில் பாதியைத் தேய்த்துத் தீர்த்திருந்த தம்பியும் பக்கத்தில் பக்கத்தில். எழுதிக் கொடுத்ததை ஒதுக்கிவிட்டு அல்லா பிச்சை அவர் பாணியிலேயே சொன்னார்: "இது எந்தம்பி. இவனுக்கு முடி இருக்கு. நான் அண்ணன். எனக்கு இல்ல. ரெண்டு பேரும் மேற்குமலைத் தைலம்தான் தேய்க்கோம். ரெண்டு பேருக்கும் மண்டையிடி இல்ல. ரைட், போகலாம்!"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை, பழக்க தோஷத்தில் வந்தது. அதைக் கேட்டு வேலுசாமி நிஜமாகவே வண்டியை எடுத்துவிட்டார். ஞானதுரை கேமராவோடு கீழே நின்றார். அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

புது விளம்பரத்தால் தைலம் மலைபோல் விற்றுவிடவில்லை. முடிக்காக வாங்கியவர்கள் நின்றுபோனார்கள். மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களும் லாரி டிரைவர்களும் வாங்கினார்கள். சுயம்புலிங்கம் லேபிளில் 'கூந்தல் வளர' என்ற வரியின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டச் சொல்லிவிட்டார். பாவம், பீர் மைதீன்தான் மாட்டிக்கொண்டார். அது சவுரிமுடியா நிஜ முடியா என்று சோதிக்க, வாட்ச் கொடுக்க வருகிறவர்கள் அவர் முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். முதல் தடவையாக அல்லா பிச்சைக்குத் தம்பிமேல் இரக்கம் வந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் செல்வராணி பள்ளிக்கூட உடுப்பில் ஏறினாள். தலையில் நாலு விரல்கடை முடி, சுருள்சுருளாக. பின்னால் கீரைக்கட்டோடு ஏறிய முத்துப்பேச்சி, பஸ்ஸுக்கே கேட்கும்படி, "பாத்தீகளா? நீங்க என்னமோ தைலத்துல ஒண்ணுமில்லன்னீகளே!" என்றாள்.

"ஏம்மா, அது தானா வந்தது. டாக்டரு சொன்னாருல்ல?"

"டாக்டரா தேச்சுவிட்டாரு? நாந்தான் தேச்சேன். விடாம தேச்சேன்."

அல்லா பிச்சை மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். செல்வராணி அவர் சட்டைக் கையை லேசாகப் பிடித்து இழுத்தாள்.

"விட்டுருங்க மாமா" என்றாள் மெதுவாக. "அம்புட்டு நாளும் அம்மா அழுதுகிட்டே தேச்சா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு டிக்கெட்டைக் கிழித்தார்.