கறுக்காத கத்தி

ஏழாவது எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தபோது தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“என்னண்ணே பண்றீங்க?”

“ஜூஸ் போடலாம்னு.”

“இப்பவா?”

“எல்லாரும் வெயில்ல வந்திருக்காங்க இல்ல.”

தங்கை கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிக்குள் அவர் மனைவி படுத்திருந்தாள். பெட்டி இரைகிற சத்தம் சமையலறைவரை கேட்டது. சுற்றிலும் வாடகை நாற்காலிகளில் பதினைந்து பேர் உட்கார்ந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளே நின்று பழம் நறுக்குகிறார் என்றால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

“குடுங்க, நான் நறுக்குறேன்.”

“வேணாம். நான்தான் நறுக்கணும்.”

“ராத்திரியெல்லாம் கண்ணு மூடல நீங்க. கொஞ்ச நேரம் போய்ப் படுங்களேன்.”

“நீ போய் வர்றவங்களைப் பாரும்மா.”

துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பாள். போய்விட்டாள். அவர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நடுவில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் இன்னும் பளபளவென்றுதான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து.

நேரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பர். மனைவியின் தோழி பட்டறைக்காரி ஏறியிருக்கும் வண்டி நோட்டுப்படி பதினொன்று பத்துக்கு வர வேண்டும். அவருக்குத் தெரிந்து அது ஒருநாளும் பன்னிரண்டுக்கு முன்னால் உள்ளே நுழைந்ததில்லை. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடை இருபது நிமிடம். பன்னிரண்டரைக்கு உடலை எடுத்துப் போக வண்டி வரும். ஆக, பட்டறைக்காரி இங்கே இருக்கப்போவதே பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் கத்தியைக் கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள்.

எட்டாவது பழத்தை எடுத்தார்.

பட்டறைக்காரி என்பது அவர் மனைவி வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போனவர்கள். இவள் கேன்டீனில் காய் நறுக்கினாள். அவள் கத்தரிக்கோல் பட்டறையில் சாணை பிடித்தாள். அவள் கைபட்ட கத்தரிக்கோலை வாங்கின தையல்காரர்கள் வேறு கத்தரிக்கோலைத் தொட மாட்டார்கள் என்று மனைவி பெருமையாகச் சொல்வாள். ஒரே குறை, வேகம் என்பது அவளிடம் கிடையாது. கல்யாணத்துக்கு ஒரு கத்தரிக்கோல் தருகிறேன் என்றவள், மூன்றாவது கல்யாண நாளுக்குத்தான் கொண்டுவந்தாள். “ஏதோ ஞாபகம் இருந்துச்சே” என்று அவர் கிண்டல் செய்ததற்கு, “உங்களுக்கென்ன, விசில் ஊதினா வேலை முடிஞ்சுது” என்று திருப்பிக் கொடுத்தாள்.

விசில் விஷயத்தை மனைவிதான் அவளிடம் சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், மனைவி சாப்பாட்டுக் கூடையோடு ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே அவர் விசில் ஊதி வண்டியை அனுப்பிவிட்டார். அரை நிமிடம் நிறுத்தியிருக்கலாம். நேரம் நேரம்தான் என்றார். அந்தக் கதையை அவள் இருபத்தெட்டு வருடமாக, கேட்கிறவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்லிவந்தாள்.

போன வருடம் மனைவிக்கு நோய் வந்தது. கைகள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கைகள் அளவுக்குச் சுருங்கின. வீட்டிலிருந்த கத்தியெல்லாம் பிடியில் நிற்காமல் நழுவின. முந்நூறு பேருக்குக் காய் நறுக்கின கை. போன மாதம்வரை அவளுக்குக் குரல் இருந்தது. தோழிக்குப் போன் போட்டு, “இந்தக் கைக்கு ஒரு கத்தி செஞ்சு குடுடி” என்றாள். விளையாட்டுக் களிமண்ணை உருட்டி இறுக்கிப் பிடித்து அனுப்பச் சொன்னாள் தோழி. நாலு விரலும் கட்டை விரலும் பதிந்த அந்த உருண்டையைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியவரும் இவர்தான்.

அதற்கு மறுநாள் மனைவி பழைய கத்தியில் விரலை வெட்டிக்கொண்டாள். சின்னக் காயம். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார்கள். கூர்மையான எதையும் கையில் தராதீர்கள் என்றார் டாக்டர். திரும்பி வந்த நாலாம் நாள் அதே கண்டக்டர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பழைய அரத்தைக் காய்ச்சித் தட்டிச் செய்த கத்தி. மெலிந்த மரப்பிடியில் விரல்களுக்கு அளவெடுத்த பள்ளம். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: ‘முதல்ல பளபளன்னுதான் இருக்கும். நறுக்க நறுக்கக் கறுக்கும். பயப்படாதே. கறுத்தாதான் அது உன் கத்தி.’

அவர் அதை அலமாரி உச்சியில், பழைய கம்பளிக்கு அடியில் வைத்தார். மனைவி கேட்டபோது, “இன்னும் செஞ்சிட்டிருக்காங்களாம்” என்றார். அதற்குள் அவளுக்குக் குரல் போய்விட்டதால் போனையும் அவரே எடுத்தார். பட்டறைக்காரி கேட்டபோது, “கிடைச்சுது, தினமும் அதுலதான் பீன்ஸ் நறுக்குறா” என்றார். இரண்டு பக்கமும் பொய் சொல்லி ஒரு மாதம் ஓட்டியாயிற்று. நேற்று மாலை ஐந்து ஐம்பதுக்கு ஒரு பக்கம் முடிந்துபோனது.

காலையில் கத்தியை இறக்கிப் பார்த்தபோது அதில் அவர் முகம் தெரிந்தது. சவரம் செய்யாத, தூங்காத முகம். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு இன்னொரு பொய்யைக் கட்டி மேய்க்க வேண்டும். அவருக்குத் தெம்பில்லை. பையில் ஒரு டஜன் எலுமிச்சம்பழம் இருந்தது. புளிப்பு பட்டால் சீக்கிரம் கறுக்கும் என்று தோன்றியது.

அவர் கைக்கு அந்தப் பிடி கொஞ்சமும் பொருந்தவில்லை. பள்ளத்தின் விளிம்புகள் விரலில் ஏறி உட்கார்ந்தன. பத்தாவது பழத்தில் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் கொப்புளம் கண்டது. ஒவ்வொரு பழத்துக்குப் பிறகும் சாற்றைத் துடைக்காமல் கத்தியை அப்படியே காயவிட்டார். நீலம் பரவிக்கொண்டு வந்தது. இன்னும் அரை மணி நேரம் கிடைத்தால் ஒரு மாதத்தை ஒப்பேற்றிவிடலாம்.

“அண்ணே” என்று தங்கை மறுபடி வந்தாள். “அண்ணியோட ஃப்ரெண்டாம். வெளியூர்ல இருந்து வந்திருக்காங்க.”

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பது.

“எந்த வண்டில வந்தாங்க?”

“அதையெல்லாம் நான் எதுக்குக் கேட்கப்போறேன்?”

பாழாய்ப்போன வண்டி, என்றுமில்லாத அதிசயமாக நேரத்துக்கு வந்திருக்கிறது. பன்னிரண்டாவது பழத்தை இப்போதுதான் நறுக்கி முடித்திருந்தார்.

கூடத்தில் பட்டறைக்காரி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பருத்த தோள்கள், தீப்பொறி பட்டுப் புள்ளி விழுந்த முன்கைகள். தோழியின் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றின் மேல் சேர்த்துவைத்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிற சத்தம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, யாரையும் கேட்காமல் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க, டைம்கீப்பர்.”

கொடுத்தார். பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். மேடையில் எலுமிச்சை மூடிகள் இருபத்துநாலு கவிழ்ந்து கிடந்தன. நடுவே கத்தி.

“நல்லாக் கறுத்திருக்கு” என்றாள்.

“ஆமா. தினமும் நறுக்கினா இல்ல.”

அவள் கத்தியை எடுத்தாள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு பிடியை ஒட்டின அடிப்பகுதியைக் கட்டை விரலால் தடவினாள். அங்கே இன்னும் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பளபளப்பு மிச்சமிருந்தது.

“அவ நுனியைத் தொடவே மாட்டா” என்றாள். “கேன்டீன் கை. பீன்ஸா இருந்தாலும் சரி, பூசணியா இருந்தாலும் சரி, அடிக்கத்திலதான் நறுக்குவா. எங்க ரூம்ல இருந்த கத்தி அடியில மட்டும் தேஞ்சு பிறை மாதிரி ஆயிருந்துச்சு.”

அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். கொப்புளத்தையும் பார்த்திருப்பாள்.

“இன்னிக்கா நறுக்குனீங்க?”

“காலைல இருந்து.”

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பட்டறைக்காரி கத்தியைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அது அவரை இன்னும் சங்கடப்படுத்தியது. ஓங்கி வைத்திருக்கலாம்.

“அவளுக்குக் குடுக்கவே இல்லையா?”

“இல்ல.”

“ஏன்?”

“ரத்தம் நிக்கலைம்மா அப்ப. டாக்டர் கூடாதுன்னுட்டார்.” அது உண்மைதான். ஆனால் அது அரை உண்மை. அரைகுறையாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே சலித்துப்போயிருந்தது. “பயம்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பயம் மட்டும் இல்ல. அலுப்பு. பக்கத்துல உட்கார்ந்து, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, பத்து நிமிஷம் நறுக்க விட்டிருக்கலாம். எனக்கு முடியல. மறுபடி ஆஸ்பத்திரில அந்த பெஞ்சுல போய் உட்கார முடியாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

சொன்ன பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“நீங்க இன்னும் செஞ்சிட்டிருக்கீங்கன்னு.”

“கேட்டுட்டே இருந்தாளா?”

“தினமும். குரல் போன பிறகு கையால கேட்பா. இப்படி.” அவர் மேடைமேல் கையை நிமிர்த்தி வைத்து, நறுக்குகிற மாதிரி இரண்டு தரம் அசைத்துக் காட்டினார். அதற்குமேல் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பட்டறைக்காரி குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். குழாயை மூடிய பிறகும் சுவர்ப் பக்கமே திரும்பி நின்றாள்.

“என் மேல கோவமாத்தான் போனாளா?”

அவர் காலையிலிருந்து பயந்த கேள்வி இதுதான். ஆனால் இதற்குப் பொய் தேவைப்படவில்லை.

“இல்லம்மா. ஒருநாள் எனக்குத்தான் வாய் சும்மா இருக்க மாட்டாம, ‘உன் ஃப்ரெண்டு உன்னை மறந்துட்டா போல’ன்னு சொல்லிட்டேன். என்னைப் பார்த்து முறைச்சா. பக்கத்துல வரச் சொல்லி, காதுகிட்ட, காத்துதான் வந்துச்சு, சத்தமே இல்ல. ‘அவ வேலை அப்படித்தான். அவசரப்படுத்தாதீங்க’ன்னா.”

பட்டறைக்காரியின் தோள்கள் குலுங்கின. முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தார். திரும்பியபோது அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“நாலு நாள், டைம்கீப்பர். நாலே நாள்ல முடிச்சேன். என் ஆயுசுல அவ்வளவு வேகமா எதையும் செஞ்சதில்ல. பட்டறைல எல்லாரும் உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. பிடில ஒரு இடம் இன்னும் தேய்க்கணும், சுண்டு விரல் உட்கார்ற இடம். சரி, போய்ச் சேரட்டும், நேர்ல வர்றப்போ பார்த்துக்கலாம்னு அனுப்பிட்டேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோள்பையில் கைவிட்டாள். உள்ளேயிருந்து மடித்த உப்புத்தாள் ஒன்றும், பழைய துணியில் பொதிந்த களிமண் உருண்டையும் வெளியே வந்தன. செய்தி கேட்ட பிறகு கிளம்பினவள் எதற்காக உப்புத்தாளை எடுத்து வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

கத்தியைக் கழுவித் துடைத்து, சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். உருண்டையை மேடையில் வைத்து, சுண்டு விரல் பள்ளத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிடியில் அதே இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். இரண்டு தேய்ப்பு, ஊதல், உருண்டையைப் பார்த்தல், மறுபடி இரண்டு தேய்ப்பு.

தங்கை வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எலுமிச்சை மூடிகளை எல்லாம் அள்ளிப் பாத்திரத்தில் பிழிந்து, சர்க்கரை போட்டுக் கலக்கி, டம்ளர் டம்ளராகக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். கூடத்தில் அதுவரை இல்லாத பேச்சுச் சத்தம் லேசாகக் கேட்டது. நல்ல நேரத்தில் குடுத்தீங்க என்று யாரோ சொன்னார்கள். அவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தார். நேற்று மத்தியானத்திலிருந்து வயிற்றுக்குள் போகிற முதல் பொருள் அது. விரல் கொப்புளத்தில் சாறு பட்டு எரிந்தது.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பன்னிரண்டு இருபத்தெட்டு.

“அண்ணே, வண்டி வந்துடுச்சு. கிளம்பலாமான்னு டிரைவர் கேட்கிறாரு.”

பட்டறைக்காரி கையை நிறுத்தினாள். உப்புத்தாளை மடிக்கப் போனாள்.

“இன்னும் எவ்வளவு இருக்கு?” என்றார் அவளிடம்.

“கொஞ்சம்தான். பரவாயில்ல, விடுங்க. இனி என்ன.”

அவர் டம்ளரை மேடையில் வைத்தார்.

“நிக்கச் சொல்லு” என்றார் தங்கையிடம்.

“எவ்வளவு நேரம்ணே?”

“நான் சொல்றவரைக்கும்.”

தங்கை வெளியே போனாள். அவர் இன்னொரு முக்காலியை இழுத்துப்போட்டுக் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பட்டறைக்காரி மடித்த தாளைப் பிரித்து, பிடியைத் திருப்பி, மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.