போடாத முடிச்சு

பயிருக்கு மருந்து தெளிக்கும் அந்தப் பழைய இரட்டை இறக்கை விமானத்துக்கு அவள் புருஷன் வைத்த பேர் 'தங்கம்'. அவளைக் கூப்பிடுவது 'ஏய்'.

கல்யாணமான புதிதில் அதன் முன் இருக்கையில் அவளை ஒரே ஒரு தடவை ஏற்றிக்கொண்டு பறந்தான். அப்புறம் அந்த இருக்கையைக் கழற்றிவிட்டு மருந்துத் தொட்டியை வைத்தாயிற்று. அப்படிப் பறிபோன இடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

போன வாரம் வேலிக்கம்பி உரசிக் கீழ் இறக்கையின் துணி கிழிந்தது. தையல் அவள் வேலை. கொட்டகையில் உட்கார்ந்து, புதுத் துணியை மரச்சட்டத்தோடு சேர்த்து, நாலு விரலுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

மருந்து கலக்கும் நாத்தனார் வாளியோடு வந்து நின்றாள். "என்ன அண்ணி, சக்களத்திக்குப் புதுப்புடவையா? உங்களுக்கு எடுத்து எத்தனை வருஷமாச்சு?"

"உன் அண்ணன்கிட்ட கேளு."

"கேட்டேனே. தங்கத்துக்குக் குளிருமாம்!"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இவள் நூலை வெடுக்கென்று இழுத்தாள். கடைசிச் சட்டத்தில் ஒரு முடிச்சைப் போடாமல் நூலைச் சும்மா சுற்றி விட்டாள். மேலே துணிப்பட்டி ஒட்டிப் பசை பூசியதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்த இடம் நழுவினால் காற்று புகுந்து துணி முழுக்கப் பிய்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அது கொஞ்சம் அலங்கோலப்படட்டும் என்றுதான் நினைத்தாள். மேலே உட்கார்ந்திருக்கப்போவது யார் என்று அப்போது நினைக்கவில்லை.

மறுநாள் காலை, ஏறுவதற்கு முன் அவன் வழக்கம்போல் விமானத்தைச் சுற்றி வந்தான். கம்பிகளைச் சுண்டினான், சக்கரத்தை உதைத்தான், இறக்கைகளைத் தடவிக்கொண்டே வந்தான். புதுத் துணி வந்ததும் கையை எடுத்துவிட்டான்.

"அதைப் பாக்கலையா?"

"நீ தைச்சதுதானே. அதுல பாக்க என்ன இருக்கு?"

ஏறி உட்கார்ந்துவிட்டான். எஞ்சின் உறுமியது. அவள் ஓடிப்போய் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

எஞ்சின் நின்றது. "ஏய், பைத்தியமா உனக்கு? காத்து கிளம்பிட்டா மருந்தெல்லாம் பக்கத்து வயலுக்குத்தான் போகும்!"

"பட்டியைப் பிரிக்கணும். கடைசிச் சட்டத்துல ஒரு முடிச்சு போடல."

"மறந்துட்டியா?"

தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம்.

"மறக்கல."

அவன் இறங்கி வந்தான். "அப்புறம்?"

"அதை மட்டும் தங்கம்னு கூப்பிடுறீங்க."

மருந்து ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்த நாத்தனார் வாளியைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. அவன் கத்தியால் பட்டியைக் கீறி, ஊசியை அவளிடமே நீட்டினான். பசை காயும்வரை காத்திருந்ததில் அன்றைய வேலை போயிற்று.

அதற்குப் பிறகு அவன் அதைத் தங்கம் என்று கூப்பிட்டதில்லை. அவள் தைத்த இடத்தைத் தடவிப் பார்க்காமல் ஏறியதும் இல்லை.