மூன்றாம் நம்பர் மேட்டில் ஏற்றிய பாரம்

ஒரு மனிதனின் மூச்சு எங்கள் ஊரில் ஏழு டாலர். காலி ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் ஐம்பது சென்ட் கழிவு உண்டு. கலெர்வோவுக்கு இந்த விலை ஒருநாளும் ஒப்பவில்லை. செம்புச் சுரங்கத்தில் பாறைத்தூசியைத் தின்றே காலத்தைக் கழித்து, நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்த மனிதர். மூக்கில் குழாயோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் பேரம் பேசுவார்.

"வெளிய எவ்வளவு காத்து சும்மா கெடக்கு, நஜீப். நீ அதையே இரும்புக் குழாய்ல அடைச்சு ஏழு டாலர்ங்கிற."

"சும்மா கெடக்கிறதையே எடுத்துக்கங்களேன், யாரு வேண்டாம்னா?"

சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். கடைசியில் ஆறே முக்காலுக்குப் படியும். என் அப்பா லெபனானிலிருந்து முதுகில் துணிமூட்டையோடு இந்த வட மிச்சிகனுக்கு வந்து, பின்லாந்துக்காரர்களுக்கு ஊசி நூல் விற்றுக் கடை போட்டவர். பேரம் பேசாமல் காசை நீட்டுகிறவனைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம் பிப்ரவரி. பெரிய ஏரிப் பக்கமிருந்து நாலைந்து நாளாகப் பனி ஓயாமல் கொட்டி, அன்று காலைதான் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. கடையைத் திறந்து அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. கலெர்வோவின் மனைவி இம்பி.

"நஜீப், முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. எடுத்து வச்சிருந்த இன்னொண்ணும் நேத்தே தீந்துபோச்சு. மத்தியானம் வரைக்கும் தாங்குமான்னு தெரியல."

"கவலப்படாதீங்கக்கா, கொண்டாந்துடறேன்."

கடைத்தெருவுக்கும் மேட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி. ஒரு வீட்டில் மணி அடித்தால் மற்ற வீடுகளிலும் சத்தமில்லாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு வேறு செய்தித்தாள் தேவைப்படவில்லை. தான் எடுத்ததை மறைக்காதவர் மிஸஸ் ட்ரெவாரோ ஒருவர்தான். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த குடும்பம், மெதடிஸ்ட் கோவிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், நல்ல ஆகிருதி.

"சங்கிலி இல்லாம எப்படிப்பா மேடு ஏறுவ?" என்றார்.

"உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நான்தான் கேட்டுட்டிருந்தேன்."

பனியில் வழுக்காமலிருக்க என் பிக்கப்பின் சக்கரங்களில் மாட்டும் சங்கிலியில் ஒன்று முந்தின வாரமே அறுந்துவிட்டது. கடையில் இருந்த கடைசி ஜோடியை நல்ல லாபத்துக்குத் தள்ளிவிட்டிருந்தேன். வண்டிக்குப் பாரமாகப் போடுகிற மணல் மூட்டைகளும் அதே லாபத்தில் போய்விட்டன. பனி வாரும் வண்டி விடியற்காலையில் மேட்டை ஒருமுறை வழித்துவிட்டுப் போய், ஏரிச்சாலையில் எங்கேயோ புதைந்து கிடந்தது. சாயங்காலத்துக்கு முன் அது வராது.

பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியின் சங்கதி தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். எஞ்சினின் கனமெல்லாம் முன்னால். இழுக்கவேண்டிய சக்கரங்கள் பின்னால், சாமான் ஏற்றுகிற காலித் தொட்டிக்கு அடியில். பாரம் இல்லாவிட்டால் அவை பனியில் சும்மா சுற்றும். இரண்டு சிலிண்டர்களைக் கிடத்திக் கட்டினேன். பாரத்துக்கு நாலு பீப்பாய் ஆணியை உருட்டி ஏற்றினேன். அவசரத்தில் பீப்பாய்களைக் கட்டவில்லை.

கலெர்வோவின் வீடு மூன்றாம் நம்பர் சுரங்க மேட்டின் உச்சியில். பாதைக்கு இரண்டு பக்கமும் வண்டியைவிட உயரமாகப் பனிச்சுவர். வழித்த இடம் கண்ணாடியாக இறுகி, அதன்மேல் புதுப்பனி பொடியாகத் தூவியிருந்தது. இரண்டாம் கியரில், மிதிக்காததுபோல மிதித்து ஏறினேன். முதல் வளைவு வரைக்கும் மரியாதையாக வந்தது. வளைவில் பின்பக்கம் லேசாக விலகியது. பீப்பாய்கள் உருண்டுபோய்ப் பின்கதவில் மோதின. அவ்வளவு கனமும் கடைக்கோடிக்குப் போனதும் முன்சக்கரம் லேசாகிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். திரும்பியது ஸ்டீயரிங் மட்டும்தான். பின்கதவு திறந்து பீப்பாய்கள் எனக்கு முன்னால் அடிவாரம் போய்ச் சேர்ந்தன. நான் பின்பக்கமாகவே வழுக்கி, பனிச்சுவரில் சாய்ந்து நின்றேன்.

கீழே இறங்கி வந்தபோது ஆட்கள் நின்றிருந்தார்கள். கோட்டின்மேல் கோட்டு, கண் மட்டும் தெரிகிற முகங்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. கம்பியில் கேட்டவர்கள்தான், ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

"பீப்பாய்க்குக் காலு கெடையாது, உருளத்தான் செய்யும்" என்றார் கசாப்புக்கடை ஆர்விட். "எங்களை ஏத்து."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தேன். ஆர்விட்டுக்கும் கலெர்வோவுக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் சுரங்கத்தில் இருந்தபோது ஒரு வேலைநிறுத்தத்தில் யார் உள்ளே போனார்கள், யார் வெளியே நின்றார்கள் என்ற விஷயம்.

"சறுக்குப்பலகையில கட்டி இழுத்துட்டுப் போயிட்டா?" என்றேன்.

"ஒன்றரை மைல் இழுத்து முடிக்கிறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். ஏத்துன்னா ஏத்து."

சுவரிலிருந்து வண்டியைத் தள்ளி விடுவித்து, அடிவாரத்தில் நிறுத்தினோம். எட்டு பேர் ஏறினார்கள். ஆர்விட் அச்சுக்கு நேர்மேலே நடுவில் உட்கார்ந்து, சிலிண்டர்களைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டார். மிஸஸ் ட்ரெவாரோ அவருக்கு எதிரில். தொட்டி அமுங்கியது. வண்டி தரையைப் பிடித்துக்கொண்டது எனக்கு இருக்கை வழியாகவே தெரிந்தது.

இரண்டாம் கியர். பிரேக்கைத் தொடக் கூடாது, நிற்கக் கூடாது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில்தான் செங்குத்து. அங்கே சக்கரம் வழுக்கத் தொடங்கி, வேகம் செத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை.

பின்னாலிருந்து மிஸஸ் ட்ரெவாரோவின் குரல் வந்தது. கோவிலில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற அதே குரல்.

"எல்லாரும் எந்திரிச்சு உக்காருங்க. நான் சொல்லும்போது. இப்போ."

எட்டு உடம்புகள் ஒரே சமயத்தில் எழும்பி இறங்கின. சக்கரம் ஒருமுறை கடித்தது. வண்டி ஓரடி நகர்ந்தது.

"இப்போ."

இன்னும் ஓரடி. கோவிலில்கூட வாயைத் திறந்து பாடாத பின்லாந்துக்காரர்கள், ஒரு சொல் பேசாமல், அவர் சொன்ன நொடியில் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். முகங்கள் தெரியவில்லை. எட்டு பேரின் மூச்சும் வெள்ளையாக மேலெழுந்து, ஒன்றாகச் சேர்ந்து, வண்டிக்குப் பின்னால் அந்தச் சுவர்களுக்கிடையே நீளமாக நின்றுகொண்டிருந்தது. உட்காரும்போதெல்லாம் ஒரு புது வெண்புகை. அப்போது மேகம் கிழிந்து வெயில் விழ, அது முழுவதும் பற்றிக்கொண்டதுபோல மின்னியது. இத்தனை வருஷம் சிலிண்டர் சிலிண்டராக விற்றிருக்கிறேன். மூச்சு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கையில் ஸ்டீயரிங் இருந்ததால் தொப்பியைக் கழற்ற முடியவில்லை.

"இப்போ."

மேடு முடிந்தது. கீழே ஏரி, கரையே தெரியாத வெள்ளை. மிஸஸ் ட்ரெவாரோ, "என் தொப்பி எங்கேயோ விழுந்துடுச்சு" என்றார்.

இம்பி கதவைத் திறந்தே வைத்திருந்தாள். கலெர்வோவின் உதடு நீலமாகிவிட்டிருந்தது. இரண்டு பேர் சிலிண்டரை நிமிர்த்த, நான் திருகைப் பூட்டித் திறந்தேன். உஸ்ஸென்ற சத்தம். அந்த வீட்டில் அத்தனை பேரும் அதை மட்டுமே கேட்டுக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்ல நீலம் வடிந்தது. கண்ணைத் திறந்து, கூடத்தில் பனி சொட்டச் சொட்ட நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஜன்னல் வழியே வண்டியையும் பார்த்தார். தொட்டியில் ஆர்விட் தனியாக உட்கார்ந்திருந்தார். 'எறங்கறப்பவும் பாரம் வேணும், நான் இங்கயே இருக்கேன்' என்று சொல்லிவிட்டார்.

"இவங்க எல்லாம் எதுக்கு?" என்றார் கலெர்வோ.

"பாரத்துக்கு."

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணோரம் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம். பிறகு குழாய்க்குள்ளிருந்து, "பாரத்துக்கும் பில்லு போடு. சும்மா எதையும் வாங்கிப் பழக்கமில்ல" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. பேரம் பேசுகிற மனிதன் பிழைத்துவிட்டான்.

"மணல் வெலைதான். பவுண்டுக்கு ஒரு சென்ட்" என்றேன்.

நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் எடையைச் சொன்னார்கள். இம்பி வாசலுக்குப் போய் ஆர்விட்டைக் கேட்டாள்.

"எரநூத்தி நாப்பது" என்று பதில் வந்தது. "பூட்ஸைக் கழிச்சுத்தான் சொல்றேன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு."

"இந்தப் பதினஞ்சு வருஷத்துல ஏறிட்டான்னு அவன்கிட்ட சொல்லு" என்றார் கலெர்வோ.

இம்பி இரண்டையும் சொன்னாள். தொட்டியில் ஒரு தோள் குலுங்கியது.

மிஸஸ் ட்ரெவாரோவிடம் வந்தேன்.

"நீ என்ன கேட்டாலும் சொல்றேன் நஜீப். அதை மட்டும் கேக்காத."

"கணக்கு முடியாதேம்மா."

"முடிய வேணாமே."

கணக்குப் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: சிலிண்டர் இரண்டு, ஆறே முக்கால் வீதம், பதின்மூன்றரை டாலர். காலி இரண்டு திரும்பியதற்குக் கழிவு ஒரு டாலர். பன்னிரண்டரை ரொக்கமாக வந்தது. ஆணிப் பீப்பாய் நாலு, என் தலையில். பாரம் ஏழு பேர், ஆயிரத்து இருநூற்று முப்பது பவுண்டு, பன்னிரண்டு டாலர் முப்பது சென்ட்; எட்டாவது ஆள், எடை தெரியாது. கூட்டல் போடவில்லை. பாக்கி நிற்கிறது.