கவலை தாங்காத காடு

கவலையோடு உள்ளே போனால் அந்தக் காட்டின் நிலம் தாழும். முன்பு சதுப்பாகக் கிடந்த இடம் அது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, பாதி மக்கிய கறுப்பு மண்ணில் பிர்ச் மரங்களை வளர்த்திருந்தார்கள். நிலம் கொஞ்சம் தாழ்ந்தாலும் தண்ணீர் வேரைத் தொடும். வேர் ஊறினால் பிர்ச் பிழைக்காது. அதனால் வேலைக்கு வருகிறவர்கள் கவலையை வாசலில் யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

காட்டைப் பராமரித்தவள் தவமலர். யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்தவள். அவளுடைய கவலையை வாங்கிக்கொண்டு கணவர் குணரத்தினம் வாசல் கேற்றடியில் நிற்பார். அங்கே தாழ்வது அவர்தான், காடு அல்ல.

அன்று காலை அவர்களின் மகள் ஆரணிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. பனியும் உருகி இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் காடு மூழ்கிவிடும்.

"கவனமாப் பிடியுங்கோ. இண்டைக்குப் பாரம் கூட," என்றாள் தவமலர்.

"ஓம், நீர் உள்ள போம்."

உள்ளே அவளுக்கு எதுவும் உறுத்தவில்லை. சருகையும் சேற்றையும் வாரிக் கரையில் போட்டாள். நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது குணரத்தினம் முழங்கால்வரை மண்ணுக்குள் இறங்கியிருந்தார். காதில் போன்.

"ஆஸ்பத்திரியிலயிருந்தோ?"

"ஒண்டுமில்லை. வேலையைப் பாரும்."

அதைச் சொல்லும்போதே இடுப்புவரை போய்விட்டார்.

அவளுக்குள் புதிதாக ஒரு கவலை முளைத்தது. காலடி மண் இறங்கியது. பக்கத்து மரத்தின் வேரில் தண்ணீர் ஏறியது. வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். ஆரணியின் முகம்தான் வந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். அவள் கடந்த பிறகு ஒவ்வொரு மரமாகச் சாய்ந்தது. அவள் திரும்பவில்லை.

"பாதியைத் தாங்கோ."

"பிள்ளையை ஒப்பரேசனுக்குக் கொண்டு போயிட்டினமாம்," என்றபடி அவர் பாதியைக் கொடுத்தார். அவர் இடுப்பிலிருந்து தொடைவரை மேலே வந்தார். அவள் தொடைவரை இறங்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். உள்ளே தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. தவமலர் எடுத்தாள்.

"அம்மம்மா, நான் வந்திட்டன்," என்றது குழந்தை. "அம்மா நித்திரை. அவவுக்கு ஒண்டுமில்லை."

நிலம் இருவரையும் மெல்ல மேலே விட்டது.

"குளிருதோ குஞ்சு?"

"கொஞ்சம். வரேக்க எனக்கொரு பேர் கொண்டு வாங்கோ."

"பெரிசோ சின்னனோ?"

"வளருற மாதிரிப் பாத்து எடுங்கோ."

குணரத்தினம் கார்ச் சாவியைத் தேடினார். பேர் விற்கிற கடை பூட்ட முன்னம் போகவேண்டும்.