வெர்னரின் உணவுக்குழாய்

வருகிற கோடையில் ஊர் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய், அங்கேயே தங்கிச் சீஸ் செய்யும் வேலை வெர்னருக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்பது அன்று சாயங்காலம் முடிவாக இருந்தது. மாடுகளின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அவன் வீட்டுக்கு வந்து, ரொட்டியை முக்கித் தின்ன உருக்கிவைத்த சீஸ் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வெர்னரோ ஒரு சொட்டுப் பால்கூடத் தொடக் கூடாது.

போன வாரம்தான் டாக்டர் எக்கர் குழாய் விட்டுப் பார்த்துப் படத்தைக் காட்டியிருந்தார்.

"வழவழன்னு இருக்கவேண்டிய உணவுக்குழாய் உனக்கு வீங்கி, வளையம் வளையமா இறுகிப்போச்சு. அதான் கறித்துண்டு சிக்குது. உள்சதை பூரா இயோசினோபில் உட்கார்ந்திருக்கு."

"அது யாரு டாக்டர்?"

"வெள்ளணுதான். புழு வந்தா அடிக்கிற காவல். உனக்குப் பாலைப் பாத்தாலே அடிக்குது."

"எனக்குச் சோறு போடுறதே பால்தானே."

"அதுகிட்ட நீதான் சொல்லணும்."

அவன் மனைவி மார்லீஸ் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். முள்கரண்டியில் குத்திய ரொட்டியைச் சட்டிக்குள் நழுவவிட்டால் தின்ன வேண்டாம். ஊர் வழக்கப்படி, தண்டனையாக ஒரு பாட்டுப் பாடினால் போதும். வெர்னர் நழுவவிட்டான், பாடினான். மறுபடி நழுவவிட்டான், மறுபடி பாடினான். நான்காவது பாட்டில், வந்தவர்களில் பெரியவரான கோட்லீப் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒரு துண்டு ரொட்டியக் கரை சேர்க்கத் தெரியல. முப்பது மாட்டை எப்படிக் கட்டி மேய்ப்ப?"

வேலை கைவிட்டுப் போவது தெரிந்ததும் வெர்னர் தன் நோயைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"சீஸ் திங்காதவன் சீஸ் பண்ணப் போறானாம்" என்று சிரித்தார் இன்னொருவரான ஓஸ்வால்ட். "நல்லா இருக்கு கதை."

கோட்லீப் சிரிக்கவில்லை. "போன கோடைக்குப் போனவன் இறங்கி வரும்போது எப்படி இருந்தான்?"

"சட்டைப் பொத்தான் போட முடியல."

"அந்தத் தொப்பை யார் வீட்டுச் சீஸு?"

ஓஸ்வால்டின் சிரிப்பு நின்றது. "அது சரி. ஆனா ருசி பாக்கணுமே?"

"நாக்குல வெச்சுத் துப்பிட்டு வாய் கொப்பளிக்கட்டும். நாக்குக்கு ஒண்ணுமில்லையே தம்பி?"

"இல்லைங்க ஐயா."

கோட்லீப் கையை நீட்டினார். வேலை முடிவானது. பிறகு அவர் பார்வை மேசையின் அந்தக் கோடிக்குப் போனது. சட்டியின் அடியில் முறுகிப் பிடித்திருந்த சீஸை மார்லீஸ் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு உணவுக்குழாய் எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லைப் போட்டாலும் இறங்கும்" என்றாள் மார்லீஸ் பெருமையாக.

"அப்ப நீங்க கீழே ஊர்லயே இருங்க."